பங்களாவின் பின்படிகள்

அந்த மழையின் மூன்றாம் நாள் மத்தியானம், லயத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கான் சத்தம் போடுவதை நிறுத்தியது.

மலையில் பிறக்காதவர்களுக்கு இதிலுள்ள பயம் உடனே விளங்காது. கான் என்பது தேயிலைக்கு நடுவே மேலிருந்து கீழே வெட்டிவிட்ட வடிகால். மழை பெய்தால் கான் கத்த வேண்டும். கத்துகிறவரைக்கும் நல்லது. மழை அப்படியே கொட்டிக்கொண்டிருக்க, கான் மட்டும் வாயை மூடிக்கொண்டால், மேலே எங்கோ மண் இறங்கித் தண்ணீரை மறித்திருக்கிறது என்று அர்த்தம். மறித்த தண்ணீர் எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கும்?

அக்கா கட்டிலில் கிடந்தபடியே தலையைத் தூக்கினாள்.

"டேய், கான் ஏன்டா பேசாம இருக்கு?"

எனக்கு ஐம்பது வயது. அவளுக்கு ஐம்பத்தாறு. அந்தக் கேள்வியில் இருவரும் பத்து வயதுக்குக் கீழே போய்விட்டோம்.

டயகமப் பக்கத்து மலையொன்றில், பன்னிரண்டு காம்பரா, அதாவது குடும்பத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறை, வரிசையாக ஒட்டியுள்ள லயத்தில் கடைசியான தொங்கல் காம்பரா அக்காவுடையது. மூன்று வாரத்துக்கு முன் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து, இடது கால் தொடை முதல் பாதம்வரை மாவுக்கட்டுக்குள் போயிருந்தது. அவள் மகன் வெளிநாட்டில். ஆகவே லீவு போட்டுவிட்டு நான் வந்திருந்தேன். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவதும் தமிழ்க் கடிதங்களைச் சிங்களமாக்குவதும் என் வேலை. முப்பது வருஷமாக இரண்டு மொழிக்கு நடுவே கதவு மாதிரி நிற்கிறேன். யாரும் கதவைப் பார்த்துப் பேசுவதில்லை. அதன் வழியாகத்தான் பேசுவார்கள்.

கொழும்பில் என்னை ஊர் கேட்பவர்கள் உண்டு. சிங்களச் சிநேகிதர்கள் என் பெயரைக் கேட்டபின் கேட்பார்கள். வடக்கிலிருந்து வந்த தமிழ்ச் சிநேகிதர்கள் என் பேச்சைக் கேட்டபின் கேட்பார்கள். "நுவரெலியா" என்பேன். "டவுனா?" என்பார்கள். "டவுனுக்குக் கிட்ட" என்பேன். அது பொய்யில்லை. எல்லாத் தோட்டமும் ஏதோவொரு டவுனுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பயம் ஊரும். அடுத்த கேள்வி வந்துவிடுமோ என்ற பயம். கான் ஊமையான அந்த மத்தியானம் என்னைப் பிடித்ததும் அதே பயத்தின் பெரிய உடம்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற சிமெந்துத் தரை பிளந்திருந்தது. காலையில் ஒரு விரல் போகிற பிளவு. இப்போது கையை முழுதாக விடலாம். விட்டுப் பார்த்தேன். உள்ளே குளிரவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. ஏதோவொன்றின் வாய்க்குள் கை வைத்ததுபோல் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

காலையிலேயே கீழ்ப்பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அதன்பின் ஆறு பாலத்துக்கு மேல் ஏறிவிட்டது. மிஞ்சியது பதினேழு பேர். அக்காவை எப்படித் தூக்குவது என்று யோசித்ததில் நேரம் போய்விட்டது என்பதும், எங்களுக்காகச் சிலர் தங்கிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

அப்படித் தங்கியவர்களில் ஒருத்தி அடுத்த காம்பரா மதினி. அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. முறைக்கு எனக்கு அண்ணன். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். மதினியின் வாய்க்கு மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. கடைச் சுவரில் ஒட்டியிருந்த சிங்கள நோட்டீஸை நான் வந்த அன்று அவளுக்கு வாசித்துச் சொன்னேன்: மழை கூடினால் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும். "எங்கிட்டுன்னு போட்ருக்கா?" என்று கேட்டாள். போடவில்லை. "அப்ப அது நமக்கு இல்ல. போறதுக்கு எடம் இருக்கவங்களுக்கு ஒட்டுனது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பவர் பேங்கில் உயிரோடிருந்த என் போனில் கிராம சேவகருக்கு எடுத்தேன்.

சிங்களத்தில் பேசினேன். என் சிங்களம் கொழும்புச் சிங்களம், முப்பது வருஷம் தேய்த்து மினுக்கியது. "சொல்லுங்க மாத்தயா," என்றார். ஐயா என்று அர்த்தம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மாத்தயா. எங்கே, எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் உண்டா என்று உண்மையான பதற்றத்தோடு கேட்டார். எனக்கு உயிர் வந்தது. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொன்னேன்.

"வத்தே லயின் காமரத?" என்றார். தோட்டத்து லயக் காம்பராவா? அடுத்த கேள்வியில் மாத்தயா காணாமல் போயிருந்தது. "பேர் என்ன?"

சொன்னேன்.

லயம் என்றதும் ஒரு படி இறங்கினேன். பெயர் சொன்னதும் இன்னொரு படி. எந்தப் படியில் அதிகம் அடிபட்டது என்று எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தமிழன் என்பதாலா, கூலிக்காரன் பிள்ளை என்பதாலா? தண்ணீரையும் மண்ணையும் பிரித்துச் சொல்லச் சொன்னால், சேறாகிவிட்ட பிறகு யாரால் முடியும்?

"அது கம்பனிக் காணி," என்றார். "தோட்டத்து ஆட்களைத் தோட்டம்தான் பார்க்க வேண்டும். துரையிடம் சொல்." அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் அவருடைய கூரையிலும் மழை இடித்துக்கொண்டிருந்தது.

துரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, எடுத்தேன். துரை சிங்களவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். மண்சரிவு அரசாங்கத்தின் விஷயம், கிராம சேவகரிடம் பேசுங்கள் என்றார். அவர்தான் உங்களிடம் பேசச் சொன்னார் என்றேன். "காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னேனே," என்றார். பாலம் மூழ்கிவிட்டது என்றேன். "பார்க்கிறேன்," என்றார். லைன் அறுந்தது.

திரும்பினால் இஸ்தோப்புத் திண்ணையில் மதினி.

"என்னா கொழும்புக் கொழுந்தனாரே, கவர்மெண்டு என்னா சொல்லுது?"

"தோட்டத்த கேக்கச் சொல்லுது."

"தோட்டம் என்னா சொல்லுது?"

"கவர்மெண்ட கேக்கச் சொல்லுது."

"அப்ப மலையவே கேட்டுருவமா? அதாச்சும் ஒரு முடிவு சொல்லும்."

சிரிக்கத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் முகமும் செத்துப்போனது.

அப்போதுதான் போன் அடித்தது. பெரிய பங்களாவைக் காவல் பார்க்கும் வாச்சர். அவர் எங்கள் லயத்து ஆள். அவர் பெண்சாதி பிள்ளைகள் காலையிலேயே பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பெரிய பங்களாவில் இப்போது துரை இருப்பதில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். துரை, ஃபெக்டரிப் பக்கத்துச் சின்ன பங்களாவில்.

"தம்பி, மேலருந்து பாக்குறேன், கானுக்கு மேல தேயில ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது," என்றார். மூச்சு வாங்கியது. "பங்களா சும்மாத்தான் கெடக்கு. டவுன் ரோடு அடச்சதுல வெள்ளக்காரங்க யாரும் வரல. தொரகிட்ட நா பேசிக்கிறேன். எல்லாரும் ஏறி வந்துருங்க. சுருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். எந்த வழியாக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பங்களாவுக்கு இரண்டு வழி. லயத்து முனையிலிருந்து பத்து எட்டு வைத்தால் தார்ரோடு. அது பாறைப்பக்கமாக மலையைச் சுற்றி, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே மெதுவாக ஏறி, முன்கேட்டுக்குப் போகும். கார் போகிற ரோடு. பத்து நிமிஷ நடை. மற்றது, லயத்தின் பின்பக்கமெல்லாம் கடந்து, கானை ஒட்டி நேரே மேலே ஏறும் கல்படி. நூற்றுச் சொச்சம் படி. விறகு போகிற வழி, பால் போகிற வழி, சமையல்கார அப்புவும் தோட்டக்காரனும் போகிற வழி. அது குசினி வாசலில் போய் முடியும்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கைகளுக்குக் கீழே இரண்டு மூங்கிலைக் கொடுத்து, கூடைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிற அண்ணன் தம்பி இருவர் முன்னும் பின்னும். அக்கா மேல் படங்கைப் போர்த்தினோம், மழையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே படங்கு. நான் முன்னால் நடந்தேன். கொழும்பிலிருந்து வந்தவன், போனில் பேசுகிறவன், வழி தெரிந்தவன் என்று எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நான் பின்படிக்குத் திரும்பினேன்.

யோசித்துத் திரும்பினேன் என்றால் மன்னித்துக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை. ஒருவரும் "ஏன் இப்பிடி?" என்று கேட்கவில்லை. பதினேழு பேர் ஒரு வரிசையாக, ஊமையாகிப்போன கானின் ஓரமாக, சாய்ந்து நிற்கும் மலைக்கு நேர் கீழே நடந்தோம்.

"மாட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன். கட்டுல கெடந்து சாகும்," என்று மதினி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டிப் பக்கம் ஓடினாள். "நீங்க போய்க்கிட்டே இருங்க, பின்னாலயே வாறேன்."

முதல் முப்பது படி ஒன்றும் ஆகவில்லை. கல்லெல்லாம் பாசி. நாற்காலி சாயும்போதெல்லாம் அக்கா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நாற்பதாவது படியில் ஒரு வாசம் வந்தது. பிடுங்கிய கிழங்கின் வாசம், பச்சை மண்ணின் அடிவாசம். மழைக்கு அந்த வாசம் கிடையாது. மண்ணுக்குள்ளிருப்பது வெளியே வந்தால்தான் அது வரும். எனக்குப் பின்னால் வந்த ஒரு கிழவர் "ஏறு, ஏறு, ஏறு" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அதட்டலாக இல்லை. மந்திரம்போல.

எழுபதாவது படிக்குக் கிட்ட நான் இடப்பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு தேயிலைச் செடி நடந்துகொண்டிருந்தது. விழவில்லை, சரியவில்லை, நின்ற கோலத்திலேயே நகர்ந்தது. அதன் பக்கத்துச் செடியும். அதற்குப் பக்கத்ததும். காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு வரிசையாகப் போகிற ஆட்களைப்போல, அவசரமில்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக.

"என்ன எறக்கி வச்சிட்டு ஓடுங்கடா," என்றாள் அக்கா. "இந்தக் கால வச்சுக்கிட்டு நா என்னா பண்ணப் போறேன். ஓடுங்க."

"கம்முனு ஒக்காரு அக்கா," என்றான் பின்னால் தூக்கியவன். "இன்னொருக்கா பேசுனா கட்டுன காலயே புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

அந்த நிலையிலும் யாரோ சிரித்தார்கள். அல்லது அழுதார்கள். மழையில் இரண்டும் ஒரே சத்தம்தான்.

எப்படி மேலே வந்தோம் என்று தெரியாது. குசினி முற்றத்தின் சிமெந்தில் என் முழங்கால் இடித்தது ஞாபகம். நாற்காலி எனக்குப் பின்னால் வந்து விழுந்ததும் ஞாபகம். அதற்குப்பிறகு அந்தச் சத்தம். இடி மாதிரி என்று சொல்வார்கள். இல்லை. பெரிய லொறி ஒன்று நிறைய கல்லை மெதுவாகக் கொட்டுகிற சத்தம். கொட்டி முடியவே முடியாததுபோல. கான் மறுபடி பேசியது. இந்தத் தடவை அது கத்தவில்லை, இரைந்தது.

திரும்பிப் பார்த்தால் படிகள் இல்லை. பாதி மலையில் தொடங்கிக் கீழே லயத்து முதுகுவரை, தோலுரித்த இடம்போல ஒரே சிவப்பு. தொங்கல் காம்பராவின் குசினியும் அதற்கடுத்த இரண்டு காம்பராவின் பின்சுவர்களும் மண்ணுக்குள் இருந்தன.

எண்ணினேன். பதினைந்து.

மறுபடி எண்ணினேன். பதினைந்து.

"மதினி," என்றேன்.

அப்போது பங்களாவின் பக்கவாட்டிலிருந்து வாச்சர் ஓடி வந்தார். கையில் பெரிய கறுப்புக் குடை. எங்களைப் பார்த்து அப்படியே நின்றார்.

"இது வழியாவா வந்தீங்க?" என்றார். "நா அங்க முன்கேட்ட தெறந்து வச்சுக்கிட்டுல்ல நிக்கிறேன்! பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. ரோட்டுல வராம ஏன்டா இதுல வந்தீங்க?"

அண்ணன் தம்பி இருவரும் தரையைப் பார்த்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் பிழை என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. முன்கேட்டு வழியாக எப்படிப் போவது? அப்படிப் போக வேண்டாம் என்று எங்கும் போர்டு கிடையாது. எந்தத் துரையும் எங்கள் காலத்தில் சொன்னதில்லை. ஆனால் துரையின் வாகனம் வந்தால் கூடையோடு கானுக்குள் இறங்கி நின்று வழிவிட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இறங்கச் சொல்கிற ஆள் தேவையில்லாமல் கால்கள் தாமாகவே பழகிவிட்டன. உயிர் போகிற நேரத்திலும் என் கால் என்னைக் கேட்கவில்லை. புத்தி கொழும்புக்குப் போய் முப்பது வருஷம். கால் லயத்திலேயே இருந்திருக்கிறது.

வாச்சர் குசினியைத் திறந்தார். அடுப்பு மூட்டினார். ஈரத்தோடு சுவரோரமாகக் குந்தினோம். குசினியிலிருந்து உள்ளே போகும் கதவு திறந்தே கிடந்தது. அதற்கப்பால் சாப்பாட்டு அறை, அதற்கப்பால் பெரிய ஹால், சிவப்பு மெழுகு போட்ட தரை, கணப்பு, சோபாக்கள். "உள்ள வந்து ஒக்காருங்க, குளுருதுல்ல, புள்ளைங்க வேற இருக்கு," என்று வாச்சர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் குரலிலேயே பயம் இருந்தது, எங்கே உண்மையாகவே வந்துவிடுவோமோ என்று. யாரும் போகவில்லை. பின்சுவருக்கு வெளியே மலை இன்னும் கல் உருட்டிக்கொண்டிருந்தது. பங்களாவில் மலைக்கு மிகக் கிட்ட இருப்பது அந்தக் குசினிதான். தெரிந்தும் அங்கேயே இருந்தோம்.

மதினியிடம் போன் இருந்தது. மூன்று நாளாகக் கரண்ட் இல்லாததால் செத்துக் கிடந்தது. நாற்காலி தூக்கிய அண்ணனும் தம்பியும் கீழே போய்ப் பார்க்கிறோம் என்று எழுந்தார்கள். படி இல்லை. எங்கே போவது என்று முற்றத்து விளிம்பில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அப்போதும், நாற்பது எட்டில் முன்கேட்டும் தார்ரோடும் இருந்தபோதும், ரோட்டு வழியாக இறங்கிப் பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுத வெட்கமாயிருக்கிறது. வெட்கத்தைவிடப் பயமாயிருக்கிறது.

அக்கா நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"படிச்சவன் நீ. ரோட்டு வழியா போவம்னு ஒனக்குத் தோணலியா?"

"ஒனக்கு?"

கொஞ்ச நேரம் மாவுக்கட்டின் ஈரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தோணல," என்றாள். "அதாண்டா பயமா இருக்கு."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மணி இருக்கலாம். அவள் புருஷனுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். 'அண்ணே' என்று தொடங்கும். அதற்குமேல் ஒரு சொல்லும் வராது. இரண்டு மொழியிலும் தேடினேன்.

அப்போது உள்ளேயிருந்து காலடி கேட்டது. வெளியேயிருந்தல்ல, பங்களாவின் உள்ளேயிருந்து. சத்தக் சத்தக் என்று ஈரக் காலடி. ஹாலைக் கடந்து, சாப்பாட்டு அறையைக் கடந்து, திறந்திருந்த கதவில் மதினி வந்து நின்றாள். இடுப்புவரை சிவப்பு மண். தலைமுடியில் மண். இடுப்பில் மகள், அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

"படிக்குக் கால வைக்கப் போனேன், படியே போயிருச்சு," என்றாள். பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. "இடுப்புவர மண்ணுல மாட்டிக்கிட்டு ஏறி வாறதுக்கே நேரம் போயிருச்சு. மாடு ரோட்டுப் பக்கமா ஓடுச்சு. சரி, மாட்டுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலியேன்னு அது பின்னாலயே வந்தேன். கேட்டு தெறந்து கெடந்துச்சு. கதவும் தெறந்து கெடந்துச்சு. வந்துட்டேன்."

அக்கா கைகளை நீட்டி அந்தப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கூட்டமே அழுதது. நான் மதினியின் கையைப் பிடித்தேன். அது குளிர்ந்து கட்டையாய் இருந்தது. "என்னா கொழுந்தனாரே, செத்துட்டேன்னு நெனச்சீங்களா? எனக்கு இன்னும் சீட்டுப் பணம் வரவேண்டி இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு அப்படியே கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அழுது முடித்ததும் முதலில் பார்த்தவர் வாச்சர். ஹாலின் மெழுகுத் தரை முழுக்க, முன்வாசலிலிருந்து குசினிவரை, சிவப்புக் காலடிகள். நடுவில் விரித்திருந்த வெளிர் நிறக் கம்பளத்தில் ஐந்து.

"ஐயோ," என்றார்.

மலை சரிந்தபோதுகூட அவர் முகத்தில் அந்தப் பயத்தை நான் பார்க்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். உடனே ஒரு பெண் எழுந்து முந்தானையால் துடைத்தாள். இன்னொருத்தி. அண்ணனும் தம்பியும். நானும்தான். சட்டைப் பையிலிருந்த என் கைலேஞ்சியை எடுத்து, தண்ணீர் தொட்டு, கம்பளத்தில் ஒரு பெருவிரலின் அடையாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன் மண்ணோடு போயிருக்க வேண்டிய பதினைந்து பேர், எங்களில் ஒருத்தி உயிரோடு வந்த தடத்தை அழித்துக்கொண்டிருந்தோம். தேய்க்கத் தேய்க்க அது பரவியது.

அப்போது ஜீப் சத்தம் கேட்டது.

துரை நனைந்து வந்தார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. "எல்லாரும் இருக்கிறார்களா?" என்று சிங்களத்தில் முதலில் கேட்டார். அதை மறக்காமல் எழுத வேண்டும். இருக்கிறார்கள் என்றேன். பெருமூச்சு விட்டார். பிறகுதான் அவர் கண் தரைக்குப் போனது. தரையிலிருந்து கம்பளத்துக்கு. கம்பளத்திலிருந்து என் கைலேஞ்சிக்கு.

"முன்பக்கமாக வந்தது யார்?"

கதவைத் திறந்து வைத்தது வாச்சர். அவருடைய வேலையும், வேலையோடு சேர்ந்த காம்பராவும் அந்தக் கேள்வியில் தொங்கின. யாரும் பேசுவதற்குள் மதினி எழுந்து நின்றாள்.

"மம," என்றாள். நான்தான்.

"ஏன் பின்பக்கம் வரவில்லை என்று கேளுங்கள்," என்றார் துரை என்னிடம். கோபமில்லை. களைப்புத்தான். கம்பனியின் தலைமைக் கந்தோருக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவர். அதனால்தான் அது இன்னும் பயமாக இருந்தது, கோபமென்றால் தணியும்.

கேட்டேன். மதினி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினாள்.

"படி போயிருச்சுன்னு சொல்லுங்க. போகாம இருந்தா நாங்களும் அந்த வழியாத்தான் வந்துருப்போம், இந்நேரம் மண்ணுக்குள்ள கெடப்போம்னு சொல்லுங்க. அப்பிடிச் செத்துருந்தா எங்க பொணத்த எந்த வாசல் வழியா தூக்கியிருப்பீங்கன்னு கேளுங்க."

மொழிபெயர்க்கக் கஷ்டமான வாக்கியமே இல்லை. எளிய சொற்கள். அதைவிடச் சிக்கலானதையெல்லாம் அமைச்சுக் கடிதங்களில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருக்கிறேன். சிங்களம் என் நாக்கு நுனிக்கு வந்து வரிசையாக நின்றது. எனக்கு முன்னால் அக்கா, கட்டுப்போட்ட கால், இன்றிரவு தங்க இடமில்லாத பதினேழு பேர். வாச்சரின் கையில் ஈரத்துணி. இந்த மனிதர் போகச் சொன்னால் எங்கே போவோம் என்ற பயம். அதற்கும் அடியில், அதைவிடப் பழைய ஒரு பயம். அதற்குக் காரணம்கூடத் தேவையில்லை.

"படி உடைந்துவிட்டது சார்," என்றேன் சிங்களத்தில். "பயந்துபோய் வந்துவிட்டார்கள். மன்னிக்கச் சொல்கிறார்கள்."

துரையின் தோள் தளர்ந்தது. "பரவாயில்லை, பரவாயில்லை," என்றார். "இன்றைக்கு குசினியில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுங்கள்."

மதினி என்னைப் பார்த்தாள். சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய சிங்களம் அவளுடையது. ஆனால் மன்னிப்பு என்ற சொல்லை எந்த மொழியிலும் எங்கள் ஆட்கள் சீக்கிரமே கற்றுக்கொள்கிறோம்.

"நா மன்னிப்பு கேக்கலியே, கொழுந்தனாரே," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. அந்தக் கேலிக் குரலும் அதில் இல்லை. அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

துரை வாசலில் நின்று திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

"மொகுத் நே, சார்," என்றேன். ஒன்றுமில்லை.